ஜான்ரோஸின் நாலாம் நம்பர் பசு

ஜான்ரோஸ் அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு பசுவிடம் அரபியில் பேசிக்கொண்டிருந்தார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மார்ச் மாதம், மதியம் இரண்டு மணி. கருங்கல் ஊருக்குத் தெற்கே கல்லுவிளையில் அவருடைய மாட்டுத் தொழுவத்தின் முன்னால் பைக்கை நிறுத்தினேன். மேலே தகரக் கூரை. மூன்று பக்கமும் நீலத் தார்ப்பாய் தொங்கியது. உள்ளேயிருந்து வெள்ளையாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. தீப்பிடித்துவிட்டதோ என்று பதறிப் பாயை விலக்கினேன். புகை அல்ல, தண்ணீர். கூரைக்குக் கீழே ஓடிய கறுப்புக் குழாய்களிலிருந்து மார்கழிப் பனி போல நீர் தூவிக்கொண்டிருந்தது. அதற்குள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் தலையில் வெளிறிய பச்சைத் தொப்பியுமாக ஒரு மனிதர், கறுப்பும் வெள்ளையுமான பெரிய பசு ஒன்றின் தொடையைத் தட்டி, "யல்லா, யல்லா" என்றார். பசு இரண்டடி நகர்ந்து நின்றது.

"ஆரு? இன்சூரன்சா?" என்றார் என்னைப் பார்த்து.

"இல்ல அண்ணே. வெயில் மாட்ட என்ன செய்யுதுன்னு ஒரு ஆராய்ச்சி. இருபது தொழுத்துல மீட்டர் மாட்டுதோம். பால் சங்கத்துல உங்க பேரு தந்தாங்க."

"மீட்டரா? கரண்டு மீட்டர் ஓடுத ஓட்டமே எனக்குப் போதும் மக்கா."

அது சூட்டையும் காற்றிலுள்ள ஈரத்தையும் குறித்துக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டி என்று காட்டினேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"மாட்டு. நல்லா எழுதி எடு. எனக்க தொழுத்து மாதிரி கூலிங் இந்த ஜில்லாவுல வேற எங்கயும் கிடையாது, கேட்டியா. உன்ன அனுப்பின ஆளுகளுட்ட போய்ச் சொல்லு."

எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பா பனையேறி. முதல் பட்டதாரிச் சான்றிதழைக் காட்டிப் படித்து, விலங்கியலில் பட்டம் வாங்கி, இந்த ஆராய்ச்சியில் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. கழுத்தில் அட்டை, தோளில் பை, பையில் தெர்மாமீட்டர். வாரம் ஒரு முறை ஒவ்வொரு தொழுவத்துக்கும் போய், பெட்டியில் பதிந்ததை எழுதி, மாட்டின் உடல் சூட்டைப் பார்த்து, மூச்சை எண்ண வேண்டும். ஜான்ரோஸ் அண்ணன் முதல் வாரமே எனக்கு 'டாக்டர்' என்று பேர் வைத்துவிட்டார். கிண்டல்தான். எனக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது.

அவர் பதினாறு வருடம் சவுதியில் இருந்தவர். ரியாத்துக்குத் தெற்கே பாலைவனத்தின் நடுவில் ஒரு பால் பண்ணை, ஆயிரக்கணக்கில் பசுக்கள். முதல் நான்கு வருடம் சாணி தள்ளினார். பிறகு பசுக்களைக் குளிர வைக்கும் பகுதியில் போட்டார்கள். வாசல் கதவு அளவுக்கு மின்விசிறிகள், வரிசை வரிசையாய்த் தூவும் குழாய்கள். எங்காவது தண்ணீர் தூவும் குழாய் மூக்கு ஒன்று அடைத்தால் ஏணி வைத்து ஏறிச் சுத்தம் செய்வது அவர் வேலை.

"வெளிய நாப்பத்தெட்டு டிகிரி. காக்கா பறக்காது. உள்ள மாடு கண்ண மூடி அசை போட்டுட்டு நிக்கும். வருசம் ஒரு கண்ணுக்குட்டி, தவறாது. பாலைவனத்துல நடக்குது. நம்ம ஊருல நடக்காதா?"

இந்தக் கேள்வியை அவர் என்னிடம் மட்டும் பத்து முறையாவது கேட்டிருப்பார்.

ஊருக்கு வரும் ஆம்பிளைகள் பெட்டி கட்டும்போது செண்டும் கம்பளியும் கட்டுவார்கள். இவர் கடைசியாக வந்தபோது தோர்த்துத் துண்டுகளில் சுற்றி நாற்பது பித்தளைக் குழாய் மூக்குகளைக் கொண்டுவந்தார். அதை அவர் மனைவி குளோரி அக்கா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"பெட்டியத் தொறந்தா வெறும் மூக்கு! எனக்கு ஒரு சேலை கூட இல்ல கேட்டியா தம்பி. இவரு மாட்டுக்கும் பேரு வைக்கமாட்டாரு. சவுதியில நம்பராம், இஞ்சயும் நம்பர். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நான் விட்டிருந்தா பிள்ளைகளுக்கும் நம்பர் போட்டிருப்பாரு."

பிள்ளைகள் இருவருக்கும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள். அவர்களை வளர்த்ததும் படிக்க வைத்ததும் எல்லாம் அக்கா ஒற்றை ஆளாகப் பார்த்தது. பதினாறு வருடத்தில் ஏழு முறை திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய் அவரை ஏற்றிவிட்டிருக்கிறார். ஏழாவது முறை, "இனி இந்த வாசலுக்கு நான் வரமாட்டேன், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். அடுத்த வருடமே அவர் வேலையை விட்டுவிட்டு வந்தார். இனி ஊரை விட்டுப் போவதில்லை என்று சபையில் எழுந்து நின்று சாட்சியும் சொன்னார். அந்த வார்த்தைக்குப் பிணை நின்றவை அந்த நான்கு பசுக்கள்தான். ஓசூர்ப் பக்கம் போய்த் தேடி, சவுதியில் பார்த்த அதே இனத்தின் கலப்பில் சினையாக வாங்கிவந்தார். மாடு நின்றால் அவர் நிற்கலாம்.

நான்கும் கன்று போட்டன. பால் நன்றாகவே கறந்தது. அதற்குப் பிறகுதான் ஒன்றும் சினை பிடிக்கவில்லை. ஒண்ணாம் நம்பருக்கு ஆறு முறை சினை ஊசி, ரெண்டாம் நம்பருக்கு ஐந்து, மூணாம் நம்பருக்குக் கணக்கே இல்லை. பால் வற்றியது, ஒவ்வொன்றாக லாரி ஏறின. நான் போனபோது மிச்சம் நின்றது நாலாம் நம்பர் மட்டும். அதுதான் கடைசியாகக் கன்று போட்டது; வயதும் குறைவு. அதற்கும் அந்த வருடம் இரண்டு ஊசி வீணாகியிருந்தது.

முதல் மாதத்து அளவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு வெளியே சூடு முப்பத்துமூன்று. தொழுவத்துக்குள் முப்பத்திரண்டு. அத்தனை தண்ணீர் தூவி ஒரே ஒரு டிகிரி. ஆனால் உள்ளே காற்றின் ஈரம் நூற்றுக்குத் தொண்ணூற்றுமூன்று. சாதாரணமாக மாட்டின் உடல் முப்பத்தெட்டரை இருக்கும். நாலாம் நம்பருக்கு நாற்பதைத் தாண்டி இருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்க, நாக்கை நீட்டி, நிமிடத்துக்கு எண்பது முறை மூச்சு வாங்கியது. தார்ப்பாய் கிழிந்த ஒரு ஓட்டையில் மூக்கை வைத்து வெளிக் காற்றை இழுத்துக்கொண்டு நின்றது.

குளோரி அக்காவிடம் சொன்னபோது அவருக்கு அரை நிமிடத்தில் புரிந்தது.

"மழை நேரம் துணி காயாதுல்லா, அதுபோலயா?"

"அதேதான் அக்கா. அந்தப் பாலைவனக் காத்து காய்ஞ்ச தோர்த்து. எவ்வளவு வெள்ளம் விட்டாலும் குடிச்சிட்டு, சூட்டையும் கொண்டு போயிடும். நம்ம காத்து ஏற்கெனவே நனைஞ்ச தோர்த்து. அதுலயும் பாயக் கட்டி அடச்சாச்சு. மாட்டுக்கு வேர்வையும் காயாது. உள்சூடு அப்படியே கர்ப்பப்பையில நிக்கும். ஊசி போட்டாலும் கரு வெந்துபோகும்."

"இத நீ எனட்ட சொல்லாத. அவருட்ட சொல்லு. பைய, தனியா வச்சு சொல்லு."

நான் தனியாக வைத்துச் சொல்லவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் பால் சங்கத்தில் உறுப்பினர் கூட்டம். ஆராய்ச்சியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்த முதல் மேடை. ஒவ்வொரு தொழுவத்துச் சூட்டையும் அட்டையில் கோடாகப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். இருபது தொழுவங்களில் மிக மோசமான தொழுவம் எது என்று காட்டினேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் "தண்ணீர் தூவும் தொழுவம்" என்றேன். அந்தப் பகுதியிலேயே அப்படி ஒன்றுதான் இருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "லேய், சவுதிக்காரன் தொழுத்துல புட்டு அவிக்கான் போல!"

கூட்டம் முழுதும் சிரித்தது. "தேங்கா துருவிப் போட்டானாலே?" என்றார் இன்னொருவர். ஜான்ரோஸ் அண்ணன் மூன்றாவது வரிசையில் இருந்தார். அவரும் சிரித்தார். பிறகு எழுந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு, வெளியே போனார்.

அன்றைக்கு அந்தத் தூவும் குழாய் அவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. அடுத்த வாரம் நான் போனபோது கிழிந்த இடத்தில் புதுத் தார்ப்பாய் தைத்திருந்தார். முன்பு மதியம் மட்டும் ஓடிய மோட்டார் காலை ஒன்பதுக்கே ஓடியது.

"வா டாக்டரே. புட்டு வெந்தாச்சா பாரு."

"அண்ணே, அன்னைக்கு நான்..."

"நீ எத்தன மாட்ட வளத்திருக்க?"

"இல்ல அண்ணே."

"நான் ஆறாயிரம் மாட்டுக்குக் காத்து விட்டிருக்கேன். நீ கோடு போடு. உனக்க வேல அதுதான்."

குளோரி அக்கா என் முகத்தைப் பார்க்காமல் கட்டஞ்சாயாவை வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரலில் நாலாம் நம்பர் பருவத்துக்கு வந்ததையே யாரும் பார்க்கவில்லை. குளிர்ந்த காலத்தில் பசு பருவத்துக்கு வந்தால் ஊருக்கே கேட்கும்படி கத்தும். பக்கத்து மாட்டின் மேல் தாவும். சூட்டில் வாடிய மாட்டுக்கு அதற்கெல்லாம் தெம்பு இருக்காது. விடியற்காலை ஓரிரண்டு மணி நேரம் லேசாக அமைதி இழந்துவிட்டு, வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காதது போல் நின்றுவிடும். மே மாதம் அக்கா கண்டுபிடித்துச் சொல்ல ஊசி போட்டார்கள். இருபத்தோராம் நாள் மறுபடி பருவம்; சினை பிடிக்கவில்லை. அதுவும் போயிற்று.

கால்நடை மருத்துவர் ஷெர்லி மேடம் வந்து கை விட்டுப் பார்த்தார்.

"கர்ப்பப்பையில ஒரு குறையும் இல்ல ஜான்ரோஸ். மாடு நல்ல மாடு. பாயை அவிழுங்க. தண்ணியை நிறுத்துங்க. பகல்ல அந்த அயனி மரத்துக்குக் கீழ கட்டுங்க. காத்து போனாப் போதும்."

"மரத்துக்குக் கீழ கட்டினா நாட்டு மாடு மேடம். இது அந்த ஜாதி இல்ல."

"ஜாதியெல்லாம் சூட்டுக்குத் தெரியாது," என்று மேடம் கையுறையைக் கழற்றினார்.

அயனி மரம் சாலையோரம் நின்றது. அங்கே கட்டினால் போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். சவுதிக்காரன் தோற்றான் என்பது அவர் வாயால் சொல்லாமலே தெரிந்துவிடும். அதனால் அவர் கட்டவில்லை. இது எனக்குப் பிறகு அக்கா சொன்னது.

ஜூனில் எடவப்பாதிப் பருவமழை இறங்கியது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் நான் போனபோது தார்ப்பாய்கள் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன. குழாய் ஓடவில்லை. நாலு கத்திக்கொண்டிருந்தது. பின்னால் கண்ணாடி போல வழும்பு இறங்கியிருந்தது. ஜான்ரோஸ் அண்ணன் மழையில் நனைந்தபடி ரோட்டுக்கு ஓடிவந்து என் பைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்குதா மக்கா? இப்பிடி இது கத்தி நான் கேட்டதே இல்ல. மழை வந்தாச்சுல்லா! இனி பிடிக்கும்."

அன்றைக்கு ஊசி போட்டார்கள். உடல் சூடு பார்த்தேன், முப்பத்தெட்டரை. அவர் என் கையிலிருந்த தெர்மாமீட்டரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் தானும் பார்த்தார். சங்கத்துக் கூட்டத்துக்குப் பிறகு அவர் என் பொருள் ஒன்றைத் தொட்டது அன்றுதான்.

இருபத்தோராம் நாள் பருவம் வரவில்லை. இருபத்தைந்தாம் நாளும் வரவில்லை. அக்கா ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பெட்டியில் நூறு ரூபாய் போட்டார். "நின்னாச்சு, சினை நின்னாச்சு" என்று ஜான்ரோஸ் அண்ணன் தொழுவத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தார். முப்பதாம் நாள் எனக்குப் பழம்பொரி வாங்கித் தந்தார். முப்பத்துநான்காம் நாள் காலையில் நாலு மறுபடி கத்தியது.

மேடம் வந்து பார்த்தார். "பிடிச்சுது, நிக்கல," என்றார். ஜான்ரோஸ் அண்ணனுக்குப் புரியவில்லை. மேடம் தொழுவத்துக் கல்லில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். "ஜூன்ல வந்த முட்டை ஜூன்ல உண்டானது இல்ல. ஏப்ரல், மேயில இந்தச் சூட்டுக்குள்ள வளர்ந்தது. மழை பெஞ்சது வெளியதான். அந்த முட்டைக்குள்ள பழைய வெயில் இருக்கு. அது முழுசா கழிய ரெண்டு மூணு மாசம் ஆகும். ஓணம் கழியட்டும். அப்புறம் ஊசி போடலாம். கண்டிப்பா நிக்கும்."

"ஓணம் வரைக்கும்," என்றார் ஜான்ரோஸ் அண்ணன்.

பால் அப்போது மூன்று லிட்டருக்கு இறங்கியிருந்தது. வைக்கோலும் தவிடும் விலைக்கு வாங்கித்தான் போட வேண்டும். ஆனால் அது மட்டும் காரணம் அல்ல என்று நினைக்கிறேன். அவருக்கு மழையின் மேல் கடைசி நம்பிக்கை இருந்தது. அதுவும் கைவிட்ட பிறகு அவரால் எதையும் நம்ப முடியவில்லை.

ஜூலை கடைசியில் ஒரு வியாழக்கிழமை நான் போனபோது வாசலில் சின்ன லாரி நின்றது. மாட்டு வியாபாரி முருகதாஸ், கேரளத்துக்கு அறுப்புக்கு மாடு ஏற்றுகிறவர், நாலுவின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மேடம் ஓணம் வரைக்கும் சொன்னாங்கல்லா," என்றேன்.

"மேடத்துக்க மாடா?"

"ரெண்டு மாசம்தான் அண்ணே."

"ஒண்ணையும் ரெண்டையும் மூணையும் இதே மாதிரி பொறுத்துப் பொறுத்துத்தான் எலும்பாக்கி வித்தேன். இது மலடு. மலட்ட வச்சு என்ன செய்ய? அதையும் போய்ச் சங்கத்துல கோடு போட்டுக் காட்டு, போ."

அப்போது நான் இன்னும் பேசியிருக்கலாம். கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். கூட்டத்தில் கேட்ட சிரிப்பு எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றது.

மாடு லாரியில் ஏற மறுத்தது. முருகதாஸும் அவருடைய ஆளும் வாலை முறுக்கினார்கள், கயிற்றை இழுத்தார்கள். முன்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு நின்றது. ஜான்ரோஸ் அண்ணன் அவர்களை விலகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் போய்த் தொடையில் தட்டி, மெதுவாக, "யல்லா" என்றார். அது பலகையில் கால் வைத்து ஏறிவிட்டது.

குளோரி அக்கா வெளியே வரவில்லை.

நான் மீட்டர் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். மாடு இல்லாத தொழுவத்தில் அளக்க ஒன்றும் இல்லை.

அடுத்த பிப்ரவரியில் எங்கள் ஆராய்ச்சியில் மலைப் பக்கத்துத் தொழுவங்களையும் சேர்த்தார்கள். பேச்சிப்பாறைக்கு அருகே ரப்பர் தோட்டத்து ஓரத்தில் வேளாங்கண்ணி என்ற அம்மாவின் வீடு. ரப்பர் பால்வெட்டும் குடும்பம். நாலு கம்பு நட்டு ஓலை வேய்ந்த கொட்டில், சுவரே கிடையாது. மரங்களுக்கு நடுவில் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய பசு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. நெற்றியில் சாய்ந்த வெள்ளை. காதில் மஞ்சள் வில்லை. எண்ணைப் பார்த்தேன். பழைய நோட்டைப் புரட்டினேன். பன்னிரண்டு இலக்கமும் ஒன்றாக இருந்தது; கல்லுவிளை நாலுவேதான்.

"இது எங்க இருந்து வாங்கினது அம்மா?"

"முருகதாஸுட்ட. அறுப்புக்குக் கொண்டு போனானாம். வயசு கொஞ்சந்தானே, வளக்க ஆள் இருந்தா தாறேன்னு வழியில இறக்கினான். மலடுன்னு சொல்லித்தான் தந்தான். சவம், பொய் சொல்லியிருக்கான். ஐப்பசியில ஒத்த ஊசி. இப்ப நாலு மாசம்."

மாட்டின் உடல் சூட்டைப் பார்த்தேன். மதியம் இரண்டு மணி. முப்பத்தெட்டு புள்ளி ஆறு.

சொல்வதா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். வேறு யாராவது சொல்லி அவர் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வதே சரி என்று பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்த நேரம் போனேன். இந்த முறை வெளியாள் யாரும் பக்கத்தில் இல்லை. உட்கார்ந்து, நேராகச் சொன்னேன்.

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"நம்பர் சரியாப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணே."

"எத்தன ஊசி?"

"ஒண்ணு."

"தண்ணி தூவுத மிஸ்ட் குழாய் வச்சிருக்காவளா?"

"இல்ல அண்ணே. ஓலைக் கூரை. சுவர் இல்ல. மரம்."

கழற்றிய பொத்தானை அவர் மறுபடி மாட்டினார். அடுக்களை வாசலில் நின்ற குளோரி அக்காதான் பேசினார். குரலில் கோபம் இல்லை.

"அப்ப ஒண்ணும் ரெண்டும் மூணும்? அதுகளும் மலடு இல்லதானே தம்பி?"

ஜான்ரோஸ் அண்ணன் கிணற்றடிக்குப் போனார். முகத்தில் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொள்ளும் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது. திரும்பி வந்தபோது, "சோறு போடு பிள்ள. டாக்டருக்கும் போடு," என்றார். மூன்று பேரும் சாப்பிட்டோம். மீனைப் பற்றி ஏதோ பேசினார். மாட்டைப் பற்றிப் பேசவில்லை. நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "நீ அன்னைக்குக் கூட்டத்துல சொன்னது சரி மக்கா. ஆனா அத இஞ்ச வந்து சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்," என்றார்.

கேட்டிருப்பார் என்றுதான் நானும் நம்புகிறேன்.

அவருக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. இந்த வயதில் விசா கிடைப்பதில்லை. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கட்டி உடைத்துப் பெட்டி நிரப்பும் வேலை செய்கிறார். படகுகள் வரும் நேரத்துக்கு வேலை என்பதால் அங்கேயே ஒரு அறையில் மூன்று பேரோடு தங்கியிருக்கிறார். சனிக்கிழமை மாலை கல்லுவிளைக்கு வந்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் திரும்பிப் போய்விடுவார். தொழுவத்துத் தகரத்தைக் கழற்றி விற்றுவிட்டார்கள். மற்ற ஆறு நாளும் குளோரி அக்கா வீட்டில் தனியாக இருக்கிறார்.